உடைந்த ஸ்பிரிங்கும் உடையாத ஸ்பிரிங்கும்

வாசகர் கேள்வி: நாங்கள் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் முப்பது வருடம் ஃபிட்டராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஏழு வருடத்துக்கு முன்னால் போர்ச்சை அடைத்து, மேலே ஏறிப் போகும் ஆட்டோ கராஜ் கதவு போட்டுக் கொடுத்தான். இரண்டு கார் நிற்கும் அகலம். போன வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். திருடன்தான் என்று பயந்து விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தோம். காலையில் ரிமோட்டை அமுக்கினால் கதவு ஒரு அடி ஏறி நின்றுவிடுகிறது, மோட்டார் முக்குகிறது. மேலே இருக்கும் இரண்டு ஸ்பிரிங்கில் ஒன்று நடுவில் விட்டுப் போயிருக்கிறது. ஈப்போவிலிருந்து வந்து பார்த்தவர் இரண்டையும் மாற்ற வேண்டும் என்றார். "உடைந்தது ஒன்று, மாற்றுவது இரண்டா?" என்று என் வீட்டுக்காரர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். பக்கத்து வீட்டுத் தம்பி ஒர்க்ஷாப்பில் இருக்கிறான். "ஸ்பிரிங்தானே அக்கா, ஆன்லைனில் வாங்கலாம், இரண்டு திருப்புளி போதும்" என்கிறான். வருகிற ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து கழற்றப் போகிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. தீபாவளிக்குப் பேரப்பிள்ளைகளும் வருகிறார்கள். நான் பயப்படுவது சரியா?

பதில்:

சரிதான் அக்கா. ஞாயிற்றுக்கிழமை வேலையை நிறுத்திவிடுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை, என் பேரைச் சொல்லி நிறுத்துங்கள். அப்புறம் இந்தப் பதிலை அவர் கையில் கொடுங்கள். முப்பது வருடம் ஸ்டோரில் இயந்திரங்களோடு இருந்த மனிதரிடம் வெறுமனே "தொடாதீர்கள்" என்று சொன்னால் கேட்க மாட்டார், கேட்கவும் வேண்டியதில்லை. காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார். அதனால் காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அதற்கு முன், இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கதவு தரையைத் தொட்டு முழுதாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியிருந்தால் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்து வைத்தால் யாராவது பழக்கத்தில் தட்டிவிடுவார்கள். ஒரு அடி ஏறிய நிலையில் நிற்கிறது என்றால், ரிமோட்டால் கீழே இறக்கிவிட்டு அப்புறம் பிளக்கைப் பிடுங்குங்கள். இறங்கும்போது யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம். சுவரில் இருக்கும் பட்டன்மேல் ஒரு காகிதத்தை ஒட்டி, "அமுக்காதே" என்று எழுதுங்கள். இந்த நிலையில் திரும்பத் திரும்ப ரிமோட்டை அமுக்கினால் மோட்டாருக்குள் இருக்கும் நைலான் பல்சக்கரம் தேய்ந்து போகும். அப்புறம் ஸ்பிரிங் செலவோடு மோட்டார் செலவும் சேரும். கார் உள்ளே மாட்டிக்கொண்டால் இரண்டு நாள் அங்கேயே இருக்கட்டும்.

சரி, இப்போது ஐயாவுக்கு.

ஐயா, கராஜ் கதவை மோட்டார் தூக்குவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். உங்கள் வீட்டுக் கதவு போல இரண்டு கார் அகல இரும்புக் கதவு என்றால், தடிமனைப் பொறுத்து அறுபதிலிருந்து நூறு கிலோவுக்கு மேல்கூட இருக்கும். தொண்ணூறு என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ இரண்டு மூட்டை சிமெண்டின் கனம் தனியே மோட்டாரின் தலையில் விழுந்தால் அது திணறிவிடும். அந்தக் கனத்தைச் சுமப்பது நிலைக்கு மேலே தண்டில் மாட்டியிருக்கும் ஸ்பிரிங்தான். கதவு கீழே இறங்கும்போது ஸ்பிரிங் முறுக்கேறுகிறது, மேலே போகும்போது முறுக்கு அவிழ்ந்து கதவைத் தூக்கிக் கொடுக்கிறது. மோட்டார் அதைச் சற்றுத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். ஸ்பிரிங் சரியாக இருந்தால் மோட்டாரைக் கழற்றிவிட்டு ஒற்றைக் கையால் கதவைத் தூக்கலாம். உங்கள் மகன் கதவு போட்ட புதிதில் செய்து பார்த்திருந்தால் ஆச்சரியப்பட்டிருப்பீர்கள்.

அதனால் இந்தக் கதவில் எதைத் தொடுவதற்கு முன்னும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்: கனம் இப்போது எங்கே இருக்கிறது? எங்கள் கடையில் வேலை பழக வரும் பையன்களுக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக் கொடுப்பதற்கு முன் நான் கற்றுக் கொடுப்பது இதைத்தான். கதவு மேலே திறந்து நிற்கும்போது கனம் கதவில் இருக்கிறது, ஸ்பிரிங்கில் முறுக்கு குறைவு. கதவு கீழே மூடிக் கிடக்கும்போது பார்க்க ஆபத்தில்லாத மாதிரி இருக்கும், ஆனால் அப்போதுதான் அந்தத் தொண்ணூறு கிலோவை ஒரு மீட்டருக்குத் தூக்கும் அளவு சக்தி ஸ்பிரிங்குகளுக்குள் அடைபட்டிருக்கிறது. ஸ்பிரிங் பல நேரம் கதவு மூடியிருக்கும்போது உடைவதற்குக் காரணமும் அதுதான். முறுக்கு உச்சத்தில் இருப்பது அந்த நேரத்தில்தான். நீங்கள் கேட்ட வெடிச் சத்தம் அந்த முறுக்கு ஒரே நொடியில் அவிழ்ந்த சத்தம்.

இங்கேதான் பக்கத்து வீட்டுத் தம்பியின் கணக்கு தப்பாகிறது. "ஸ்பிரிங் உடைந்துவிட்டது, இனி அதில் முறுக்கு இல்லை, கழற்றினால் வந்துவிடும்" என்று அவர் நினைக்கிறார். உடைந்ததைப் பொறுத்தவரை அது உண்மை. சுருளுக்கு நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி தெரியும். அந்தத் துண்டுகளைக் கையால் ஆட்டிப் பார்க்கலாம், ஒன்றும் செய்யாது. ஆனால் அதே தண்டில் பக்கத்தில் இன்னொன்று உடையாமல் இருக்கிறது. கதவு மூடியிருப்பதால் அது இந்த நிமிடமும் முழு முறுக்கோடு இருக்கிறது. உங்கள் கதவு ஒரு அடி ஏறிப் பார்க்கிறதே, அது அந்த ஸ்பிரிங் பாதிக் கனத்தைத் தனியாகச் சுமப்பதால்தான். ஏழு அடி உயரக் கதவுக்கு ஏறத்தாழ ஏழரைச் சுற்று முறுக்குவோம், கால் கால் சுற்றாக முப்பது தடவை. அந்த முப்பது தடவையும் ஒன்று குறையாமல் அதற்குள் இருக்கிறது.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலான கதவுகளில் இரண்டு ஸ்பிரிங்கின் உள்முனைகளும் நடுவில் ஒரே இரும்புத் தகட்டில், ஒரே இரண்டு போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருக்கும். உடைந்ததை மட்டும் கழற்றலாம் என்று அந்த இரண்டு போல்ட்டையும் தளர்த்தினால், உடையாத ஸ்பிரிங்கின் பிடியும் சேர்ந்து போகும். ஏணியில் நிற்பவரின் முகம் அப்போது அதிலிருந்து ஒரு முழம் தூரத்தில் இருக்கும். இந்த இடத்தை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது ஐயா. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை முதலில் கழற்றியிருக்கக்கூடியது அந்தப் போல்ட்டுகளைத்தான்.

திருப்புளி விஷயத்துக்கு வருகிறேன். முறுக்கு ஏற்றவும் இறக்கவும் ஸ்பிரிங்கின் முனைக் கூம்பில் நான்கு துளைகள் இருக்கும். பெரும்பாலானவை அரை அங்குலத் துளைகள். அதற்குச் சரியாக அரை அங்குல கன உருக்குக் கம்பி இரண்டு வேண்டும், நீளம் ஒன்றரை அடி. திருப்புளியின் தண்டு அந்தத் துளையில் ஆடும், பாதிதான் உள்ளே போகும். நீளம் பாதி என்பதால் கைக்கு இரட்டிப்புப் பலம் வேண்டும். சரியான கம்பியைப் பிடித்தால் கையில் தெரியும் கனம் ஆறேழு கிலோதான். அரை வாளிப் பாலைப் பிடித்த மாதிரி இருக்கும். அந்தச் சாதாரணமான கனம்தான் ஆளை ஏமாற்றுகிறது. "இவ்வளவுதானா" என்று தோன்றும். ஆனால் பால் வாளி கை நழுவினால் கீழே விழும், அதோடு முடிந்தது. இந்தக் கம்பி நழுவினால் ஏழரைச் சுற்றும் அவிழ்கிற வரை சுற்றும். கண் பார்ப்பதற்குள் சுற்றி முடிந்திருக்கும்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, ஈப்போவில் ஒரு கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். எனக்குச் சொல்லிக் கொடுத்த அண்ணன் பன்னிரண்டு வருட அனுபவம் உள்ளவர். ஒரு வீட்டில் முறுக்கு இறக்கிக்கொண்டிருந்தார். கையில் இருந்தது சரியான உருக்குக் கம்பிதான். ஒரே ஒரு தடவை, வீட்டுக்காரர் ஏதோ கேட்க, திரும்பிப் பதில் சொல்லிக்கொண்டே கம்பியைச் செருகினார். அது துளையின் அடிவரை போகவில்லை. நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "டக்" என்று ஒரு சத்தம், அதற்கடுத்து கூரைத் தகட்டில் ஒரு சத்தம், அப்புறம்தான் அவர் குரல். முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. தலைக்கு மேலே கூரைத் தகட்டில் பிறை மாதிரி ஒரு வெட்டு. அது ஒரு சாண் தள்ளி வந்திருந்தால் அவர் நெற்றி. அன்றிலிருந்து என் கம்பிகளின் முனையில் ஓர் அங்குலத்துக்குச் சிவப்பு டேப் சுற்றியிருப்பேன். கம்பி முழுதாக உள்ளே போனால் டேப் மறையும். டேப் கண்ணுக்குத் தெரிந்தால் கையை அழுத்தக்கூடாது. என் பையன்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். வேலை நடக்கும்போது யார் பேசினாலும் பதில் சொல்லக்கூடாது என்பதும் எங்கள் கடை வழக்கம். மரியாதைக் குறைவு என்று சிலர் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.

ஒர்க்ஷாப் தம்பியை நான் குறைத்துச் சொல்லவில்லை. காரின் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றத் தெரிந்த கைதான் அவருடையது. அதற்கென்று ஒரு கருவி இல்லாமல் அந்த வேலையில் இறங்க மாட்டார், இல்லையா? இதற்கும் அதே மாதிரி கருவியும் பழக்கமும் வேண்டும் என்று சொன்னால் அவருக்கே புரியும்.

இப்போது "உடைந்தது ஒன்று, மாற்றுவது இரண்டா?" என்ற கேள்வி. சந்தேகம் வந்தது நியாயம்தான். இந்தத் தொழிலில் வேண்டாததை மாற்றிக் காசு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி. வீட்டுக் கதவுகளுக்கு வரும் சாதாரண ஸ்பிரிங் ஏறத்தாழ 10,000 தடவை திறந்து மூடுவதற்கென்று செய்யப்படுகிறது. ஒரு தடவை திறந்து மூடினால் ஒரு கணக்கு. விடியற்காலையில் பாசாருக்கு ஒரு தடவை, கோயிலுக்கு ஒரு தடவை, மருந்து வாங்க, யாரையாவது கொண்டுபோய் விட என்று ஒரு நாளைக்கு நான்கு தடவை திறந்தால், 10,000 தீர்வதற்கு 2,500 நாள் ஆகும். ஏழு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் கதவுக்கு ஏழு வயது. இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே நாளில் மாட்டியவை, ஒரே கதவைச் சேர்ந்து தூக்கியவை, ஒரே அளவு தேய்ந்தவை. நம் ஊர் ஈரத்தில் இரண்டுக்கும் ஒரே மாதிரி துருவும் ஏறியிருக்கும். இன்று ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றதும் சில மாதத்தில் விட்டுவிடலாம். அப்போது வேலைக்கூலியை இன்னொரு தடவை கொடுப்பீர்கள். பழையதும் புதியதும் சேர்ந்தால் கதவின் சமநிலையும் கெடும். தினமும் நிறையத் தடவை திறக்கும் வீடு என்றால், கம்பித் தடிமனும் நீளமும் கூடி இரட்டிப்பு ஆயுள் வரும் ஸ்பிரிங்கும் கிடைக்கும். விலையைக் கேட்டுப் பாருங்கள். பலருக்கு அது லாபமாகத்தான் முடியும்.

ஆன்லைனில் வாங்குவதில் இருக்கும் சிக்கல் வேறு. ஸ்பிரிங் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்து, நீளத்தை மட்டும் அளந்து வாங்கிவிடுகிறார்கள். கம்பியின் தடிமன், சுருளின் உள்விட்டம், மொத்த நீளம், இடம் வலம் என்று சுற்றும் திசை, இந்த நான்கும் கதவின் கனத்துக்குப் பொருந்த வேண்டும். தடிமனில் அரை மில்லிமீட்டர் கூடினாலே கதவு தானாக மேலே பாயும். குறைந்தால் கீழே விழும்.

எனவே இப்படிச் செய்யுங்கள் ஐயா. கழற்றும் வேலையை அவர்களிடம் விட்டுவிட்டு, மேற்பார்வையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டோரில் புதிய இயந்திரம் இறங்கும்போது எப்படிக் கூட நின்று பார்த்திருப்பீர்களோ, அப்படி நில்லுங்கள். ஆனால் ஏணிக்குப் பத்தடி தள்ளி. வருகிறவர் பையைத் திறந்ததும் அரை அங்குல உருக்குக் கம்பி இரண்டு வெளியே வருகிறதா என்று பாருங்கள். திருப்புளியோ இரும்புக் கம்பித் துண்டோ வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். முதல் வேலையாகப் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறதா என்று அவரே பார்க்க வேண்டும். கதவு எழும்பாமல் தண்டவாளத்தில் உருளைக்கு மேலே கவ்விப் பூட்ட வேண்டும். பழைய ஸ்பிரிங்கை அளவெடுக்காமல், "எல்லாம் ஒரே சைஸ்தான் அங்கிள்" என்று புதியதை மாட்ட வந்தால் அதுவும் கூடாது. மாட்டி முடித்ததும், மோட்டாரை விடுவித்து, கதவைக் கையால் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, மெல்லக் கையை எடுக்கச் சொல்லுங்கள். கதவு நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். ஒரு சாண் ஆடி அடங்கினால் பரவாயில்லை. மேலே பாய்ந்தாலோ கீழே சரிந்தாலோ முறுக்கு சரியில்லை, திருத்தித் தரச் சொல்லுங்கள். அதற்கு அப்புறம் காசு கொடுங்கள். நல்ல வேலைக்காரர் நீங்கள் கேட்காமலே இதைச் செய்து காட்டுவார், கேட்டாலும் சந்தோஷப்படுவார்.

அவர் வேலை முடித்துப் போன பிறகும் இரண்டு இடங்களில் நீங்கள் யோசிக்காமல் கை வைக்க வேண்டாம். கதவின் கீழ்முனையில் இரண்டு பக்கமும், ஸ்பிரிங் தண்டிலிருந்து இறங்கி வந்து கதவைத் தூக்கும் கேபிள் மாட்டியிருக்கும் பிடி ஒன்று. பார்க்கச் சாதாரணக் கீல் மாதிரி இருக்கும், நான்கு போல்ட்தான். ஆனால் கதவின் கனம் முழுவதும் கேபிள் வழியாக அங்கேதான் வந்து நிற்கிறது. கீழ் உருளை தேய்ந்துவிட்டது, மாற்றலாம் என்று அந்தப் பிடியைக் கழற்றியவர்கள் விரலை இழந்திருக்கிறார்கள். கேபிள் பிரிந்து நூல் நூலாக நிற்கிறதா என்று கண்ணால் பார்ப்பது உங்கள் வேலை. பிரிந்திருந்தால் கதவை மூடி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். இன்னொன்று மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிறு. கரண்ட் இல்லாதபோது கையால் திறப்பதற்காக மோட்டாரையும் கதவையும் அது பிரித்துவிடும். கதவு மூடியிருக்கும்போது இழுத்தால் ஆபத்தில்லை. மேலே திறந்து நிற்கும்போது, ஸ்பிரிங் உடைந்த நிலையில் இழுத்தால், கதவைப் பிடித்துக்கொண்டிருந்த கடைசிப் பிடியும் போய், அந்தக் கனம் அப்படியே தலைக்கு மேல் வரும். மழைக்காலத்தில் இடி இடித்துக் கரண்ட் போகிற நம் ஊரில் இந்தக் கயிற்றுக்கு வேலை அதிகம். வீட்டில் எல்லோருக்கும், உங்களுக்கும் சேர்த்து அக்கா, இதைச் சொல்லி வையுங்கள்.

மற்றபடி கதவைப் பராமரிப்பதில் ஐயாவுக்கு நிறைய வேலை இருக்கிறது, அதை அவரைவிட நன்றாக யாரும் செய்ய மாட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கீல்களுக்கும் உருளை பேரிங்குகளுக்கும் ஸ்பிரிங் சுருளின் மேலேயும் லித்தியம் கிரீஸ் ஸ்பிரே லேசாக அடித்துத் துடைக்கலாம். டபிள்யூடி-40 அடிக்கிற பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அது துருவை இளக்கும், அழுக்கை எடுக்கும், ஆனால் நாள்பட நிற்காது. தண்டவாளத்துக்குள் கிரீஸ் போட வேண்டாம், தூசி ஒட்டிப் பசையாகிவிடும். துணியால் துடைத்தால் போதும். தளர்ந்த கீல் போல்ட்டுகளை இறுக்கலாம், கீழ்முனைப் பிடியைத் தவிர. இடுப்பு உயரத்தில் நிறுத்திப் பார்க்கும் சோதனையை மாதம் ஒரு தடவை அவரே செய்யலாம். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதில் தெரிந்துவிடும்.

பேரப்பிள்ளைகள் வருவதற்கு முன் வேலையை முடித்துவிடுங்கள் அக்கா. தீபாவளி சமயத்தில் கதவு எத்தனை தடவை ஏறி இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். கதவின் இரண்டு பக்கமும் தரைக்கு மேல் ஆறு அங்குல உயரத்துக்குள் எதிரெதிரே சின்னதாக இரண்டு கண் இருக்கும். நடுவில் எதுவும் குறுக்கே வந்தால் இறங்குகிற கதவு நின்று மேலே திரும்ப வேண்டும். அமெரிக்காவில் 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டுக் கராஜ் மோட்டார்களுக்கு இப்படிப்பட்ட கூடுதல் பாதுகாப்பு கட்டாயம். கதவுக்கடியில் மாட்டிப் பிள்ளைகள் இறந்த பிறகுதான் அந்தச் சட்டம் வந்தது. நம் பக்கத்தில் சில வீடுகளில் அந்தக் கண்களை மேலே மோட்டார் பக்கத்தில் எதிரெதிரே வைத்துக் கட்டிவிடுகிறார்கள், "அடிக்கடி நின்று தொந்தரவு செய்கிறது" என்று. உங்கள் வீட்டில் அப்படி இருந்தால் இன்றைக்கே சொல்லி இறக்கி வையுங்கள். தொந்தரவுக்குக் காரணம் பெரும்பாலும் கண்ணாடிமேல் சிலந்தி வலையோ, துடைப்பம் பட்டுக் கண் திரும்பியதோதான்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. ஒன்றரை அங்குலத் தடிமனுள்ள பலகை ஒன்றைக் கதவு இறங்கும் இடத்தில் நடுவில் படுக்க வையுங்கள். தச்சு வேலையில் மிஞ்சிய கட்டை போதும். ரிமோட்டால் இறக்குங்கள். பலகையைத் தொட்டதும் இரண்டு நொடிக்குள் கதவு மேலே திரும்ப வேண்டும். பலகையை அமுக்கிக்கொண்டே நின்றால், கீழே படுத்திருக்கும் ஒரு குழந்தையையும் அது அமுக்கிக்கொண்டே நிற்கும். திரும்பவில்லை என்றால் மோட்டாரின் அழுத்த அளவைக் குறைக்க வேண்டும், வருகிற ஆளிடமே செய்யச் சொல்லுங்கள்.

சுவர்ப் பட்டன் ஐந்தடிக்கு மேலே இருக்கட்டும். ரிமோட்டைச் சாவிக்கொத்தோடு சாப்பாட்டு மேசையில் போடாதீர்கள். பிள்ளைகளுக்கு அது டிவி ரிமோட் மாதிரிதான். கதவு இறங்கும்போது அடியில் ஓடி வெளியே வருவதை நான்கைந்து வயதில் எல்லாப் பிள்ளைகளும் விளையாட்டாக்கும், திட்டாமல் உட்கார வைத்துச் சொல்லுங்கள். கதவின் பலகைகள் சேரும் மடிப்பில் விரலை வைத்துக்கொண்டு கதவைப் பிடித்து இறக்குவது பெரியவர்களே செய்கிற தவறு. கைப்பிடி இல்லாவிட்டால் ஒன்று மாட்டச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கிற பலர் வீட்டில் கராஜ் கதவு இருக்காது, தள்ளுகிற ஆட்டோ கேட்தான் இருக்கும். அங்கேயும் இதே கேள்விதான், கனம் எங்கே இருக்கிறது. மோட்டார் கெட்டுப்போனால் சாவியால் விடுவித்துக் கையால் தள்ளுகிறோம். அப்போது ஓடும் தூரத்தின் முனையில் நிறுத்தும் கட்டை இல்லையென்றால், கேட் தண்டவாளத்தைத் தாண்டி ஆள்மேல் சாய்ந்துவிடும். அந்த முனைக்கட்டை துருப்பிடித்து விழுந்த பல கேட்டுகளைத் தாமான்களில் பார்க்கிறேன். இன்று மாலை போய் உங்கள் கேட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். பட்டணத்தில் கடை வைத்திருப்பவர்களின் கையால் தூக்கும் ஷட்டருக்கும் உருளைக்குள்ளே ஸ்பிரிங்தான். அது கனத்துவிட்டால் எண்ணெய் விட்டுப் பாருங்கள், அதற்குமேல் நீங்களே பிரிக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று, அக்கா. ஈப்போ ஆளைத் திருப்பி அனுப்பியதால் மறுபடி கூப்பிடச் சங்கடமாக இருக்கலாம். கூப்பிடுங்கள். "இரண்டும் மாற்றுங்கள், ஆனால் நாங்கள் பக்கத்தில் நின்று பார்ப்போம்" என்று சொல்லுங்கள். விலை அதிகம் என்று தோன்றினால் இன்னொருவரிடமும் கேளுங்கள். ஸ்பிரிங் விலை, கூலி, உத்தரவாதம் எத்தனை மாதம் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வேலை முடிந்ததும் பழைய ஸ்பிரிங் துண்டுகளை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லி ஐயாவிடம் சொல்லுங்கள். அந்த உடைந்த முனையைக் கையில் எடுத்துப் பார்த்தால், பழைய விரிசலின் துரு கறுப்பாகவும், அன்று ராத்திரி விட்ட இடம் மட்டும் சாம்பல் நிறத்தில் பளிச்சென்றும் இருக்கும். ஒரு ஃபிட்டருக்கு அதைப் பார்த்தாலே போதும்.